ஒரு லிட்டருக்கு முப்பது: வைட்ஃபீல்டிலிருந்து நந்தி மலை வரை

புதன்கிழமை விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்கு, வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். போகிற இடம் நந்தி மலை. ஹொஸ்கோட்டே, சூலிபெலெ, தேவனஹள்ளி வழியாக அறுபத்தெட்டு கிலோமீட்டர். மலையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சூரியோதயம் பார்க்கும் ஆசையும் இல்லை. அதற்கென்றால் இன்னும் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும். போய்த் திரும்பும் தூரத்துக்கு, ஒரு லிட்டர் பெட்ரோலில் முப்பது கிலோமீட்டர் என்ற கணக்கை எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு கேட்டிருந்தேன். காரணம் கேட்ட மேலாளரிடம் சொந்த வேலை என்றேன். அது பொய்யில்லை.

என்னுடையது பிளக்-இன் ஹைப்ரிட் கார். வெளிநாட்டுக்குக் குடிபோன சக ஊழியர் ஒருவரிடமிருந்து வாங்கியது. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் பேட்டரியும் உண்டு. பேட்டரியில் மட்டும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஓடும். அது தீர்ந்தால் எஞ்சின் வேலையை எடுத்துக்கொள்ளும். சார்ஜ் செய்யச் சோம்பல்பட்டுப் பெட்ரோலிலேயே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வீணாக ஒரு பேட்டரியைச் சுமந்து திரியும் கனமான வண்டி, அவ்வளவுதான். ஒழுங்காக ஓட்டத் தெரிந்தால் கதையே வேறு.

ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் கார் தன் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று எனக்கு மதிப்பெண் போடும். தொண்ணூறைத் தாண்டினால் பச்சை இலை ஒன்று விரிந்து, எக்ஸலென்ட் என்று வரும். எனக்கு வயது நாற்பத்தெட்டு. தருமபுரியிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, தனியாகவே இருந்துவிட்டேன். பெற்றோர் இப்போது இல்லை. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை; பிழை சொல்பவளை யாரும் பாராட்டுவதில்லை. அந்தப் பச்சை இலைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தது எப்போதென்று எனக்கே தெரியாது. இதே வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முகம் தெரியாத மனிதர்கள் தங்கள் மைலேஜைப் படமெடுத்துப் போடுவார்கள். நான் ஒருமுறை இருபத்தெட்டு எடுத்துப் போட்டபோது வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. அன்று இரவு அவற்றை இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

முந்தின நாளே டயர்களில் காற்று சரிபார்த்திருந்தேன். டிக்கியில் கிடந்த குடை, தண்ணீர் கேன், யோகா பாய், பழைய செருப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். பின் இருக்கையின் ரப்பர் விரிப்புகளைக்கூடக் கழற்றிவிட்டேன். எடை குறையக் குறைய மைலேஜ் கூடும். வெயில் காலமாக இருந்தால், ஒயர் செருகியிருக்கும்போதே ஏசியைப் போட்டுக் காரைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குளிர்ச்சிக்கு ஆகும் மின்சாரம் சுவரிலிருந்து வரும், பேட்டரியில் கை வைக்காது. அன்று பனி இருந்ததால் அதற்கும் அவசியம் இருக்கவில்லை.

வைட்ஃபீல்டை விட்டு வெளியேறும்வரை பேட்டரியில் போனேன். எஞ்சின் சத்தமில்லை. கம்பெனி பஸ்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. ஊருக்குள் நின்று நின்று போகும் இடத்தில் பேட்டரி, நெடுஞ்சாலையில் பெட்ரோல், இதுதான் முதல் பாடம். எஞ்சினுக்கு ஒரே சீரான வேகம் பிடிக்கும். மோட்டாருக்கு நெரிசலில் அலுப்புத் தெரியாது. ஹொஸ்கோட்டே தாண்டி அகலமான சாலை வந்ததும், மிச்சப் பேட்டரியை அப்படியே பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, எழுபத்தைந்தில் ஊர்ந்தேன். லாரிகள்கூட என்னை முந்திப் போயின. ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

சூலிபெலெ பக்கம் ஒரு கடையில் ஒற்றை விரலைக் காட்டி டீ வாங்கிக் குடித்தேன். இருபது ரூபாய். கடைக்காரர் என் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்து இருக்கைகளில் நான்கு காலி.

"ஒப்ரேனா மேடம்?"

தனியாகவா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். காலையிலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையாட்டியதால் அப்போதும் பேசவில்லை.

தேவனஹள்ளி தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது மலை தெரிந்தது. பாதிக்கு மேல் மேகம். அடிவாரத்தில் பிடிப்புப் பொத்தானை விடுவித்தேன். ஏறும்போது பேட்டரியைச் செலவழித்துவிட வேண்டும். மேலே போகையில் அது ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், உருளும் சக்கரங்களே மோட்டாரைச் சுற்றிப் பேட்டரியில் மின்சாரத்தைத் திருப்பி ஊற்றும். நிறைந்த பேட்டரியோடு மலை உச்சியில் நின்றால் அந்த இலவச மின்சாரத்துக்கு இடம் இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் முட்டை மேல் நடப்பதுபோல ஏறினேன். உச்சியில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோது பேட்டரி இரண்டு கிலோமீட்டருக்குத்தான் இருந்தது. சராசரி இருபத்தொன்பதரை. இறக்கம் இன்னும் பாக்கி. முப்பது கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மேலே எட்டு மணிக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பனி. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். உங்களை எடுக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். டப்பாவில் கொண்டுபோன இட்லியைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து, குரங்குகளுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் மலை முடிந்துவிட்டது.

கிளம்பப் போகையில் ஒரு பெண் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும். கன்னடத்தில் வேகமாகச் சொன்னாள். என் அரைகுறைக் கன்னடத்தில் நான் பதில் சொன்னதும் பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க தமிழா மேடம்? அம்மாக்கு மூச்சு வாங்குது. பம்பு எடுத்துட்டு வந்தோம், அதுல மருந்து காலி. கீழ வரைக்கும் விட்டுடுறீங்களா?"

அவள் பெயர் சுதா. அம்மா கன்னியம்மா, அப்பா எல்லப்பன். ஸ்ரீராம்புரத்திலிருந்து மூவரும் காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போனில் சிக்னல் வந்து வந்து போயிற்று. கன்னியம்மா ஒரு கல் மேல் முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. பக்கத்தில் நின்றாலே விசில் மாதிரிச் சத்தம் கேட்டது. உதடு வெளுத்திருந்தது.

மூன்று பேர் எடை என்று ஒரு கணம் மனசில் ஓடியது. ஓடியதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த கணம் கதவைத் திறந்துவிட்டேன்.

கன்னியம்மாவை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். எல்லப்பன் பின்னால் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கீழே விரிப்பு இல்லாததைப் பார்த்து, வெறும் தரை அழுக்காகிவிடும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் அவர் கேட்கவில்லை.

இறக்கத்தில் வேகம் கூடாது. வளைவில் குலுங்கினால் அந்த அம்மாவால் தாங்க முடியாது. வேகத்தைப் பிடித்து நிறுத்தும் மோட்டாரின் இழுவையை அதிகமாக்கி, பிரேக்கைத் தொடாமலே ஒவ்வொரு வளைவாக இறக்கினேன். மைலேஜுக்காக நான் பழகிய ஓட்டம்தான் அது. அன்று அது வேறு காரியத்துக்கு உதவியது. கண்ணாடியை இறக்கச் சொன்னார் எல்லப்பன். குளிர் காற்று உள்ளே அடித்தது. கன்னியம்மா கண்ணை மூடி, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றியிருந்தார். அந்த மூச்சுச் சத்தம் மட்டும் காரை நிறைத்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "இதோ வந்துடுச்சும்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடிவாரத்தில் திரையைப் பார்த்தேன். பேட்டரி ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. வழக்கமாக இந்த இறக்கத்தில் எனக்கு ஆறு கிலோமீட்டர்தான் திரும்பக் கிடைக்கும். அன்று ஏழு. ஏறும்போது நான் ஒருத்தி, இறங்கும்போது நாலு பேர். கனமான வண்டி உருண்டால் மின்சாரமும் கூடுதலாகச் சேரும். மைலேஜ் குழுவில் யாரும் எழுதாத உத்தி இது. தனியாக மலை ஏறுபவர்கள் ஆட்களோடு இறங்குவது அபூர்வம்.

அதற்குமேல் கணக்குப் பார்க்கவில்லை. சுதா பின்னாலிருந்து அம்மாவின் தோளைத் தட்டி, "அம்மா, தூங்காத. கண்ண தொற" என்றாள். குரல் மாறியிருந்தது. நான் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினேன். இந்தக் காரை வாங்கிய பிறகு அப்படி அழுத்தியதே இல்லை. எஞ்சின் அலறிக்கொண்டு எழுந்தது. திரையில் பச்சையாக இருந்ததெல்லாம் சிவப்பானது. டிராக்டர், திராட்சைக் கூடை ஏற்றிய வேன், பால் வண்டி எல்லாவற்றையும் தாண்டினேன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காலையில் என்னை முந்தியவனைப்போல இப்போது நான் போய்க்கொண்டிருந்தேன்.

தேவனஹள்ளிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. வாசல்வரை காரை ஏற்றி நிறுத்தினேன். சக்கர நாற்காலி வந்தது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி வைத்து, மருந்துப் புகையை ஓடவிட்டார்கள். சுதா உள்ளே போனாள். எல்லப்பனும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் செருப்பைக் காலில் போட்டார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் கேட்கக் கேட்கச் சொன்னார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். கன்னியம்மா மாநகராட்சியில் தெரு பெருக்குகிறார். விடியுமுன் கிளம்பி, மற்றவர்கள் எழுந்திருக்குமுன் வேலையை முடிக்க வேண்டும். தூசிதான் நெஞ்சைக் கெடுத்தது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். சுதாவுக்கு ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை; வாரநாளில்தான் விடுமுறை. இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தது இப்போதுதான்.

"மேகத்துக்கு மேல நிக்கணும்னு அவளுக்கு ஆச மேடம்" என்றார். "வந்து நின்னா, மேகத்துக்குள்ள நின்னுட்டோம். அந்தப் பனிதான் ஒத்துக்கல."

அரை மணி நேரம் போயிருக்கும். சுதா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். எழுந்து அவளருகே போனேன். நல்ல சேதிதான், மூச்சு சீராகிவிட்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். மதியம் மூன்று மணிவரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, புதுப் பம்பு எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று எல்லப்பன் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. என் பிடிவாதத்துக்கு என்ன காரணம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அந்தக் காரைக் காலியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு அப்போது பயமாக இருந்தது.

பல்லாரி சாலையில், விமான நிலையத்துக்கு விரையும் டாக்ஸிகளுக்கு எதிர்ப்புறமாக, ஊரை நோக்கிப் போனோம். கன்னியம்மா முன் இருக்கையிலேயே இருந்தார். முகத்தில் களை வந்திருந்தது. ஹெப்பாள் நெரிசலில் எஞ்சின் அணைந்து, மீதியிருந்த பேட்டரியில் வண்டி நகர்ந்தபோது வியப்போடு காதைக் கொடுத்துக் கேட்டார். வண்டி நின்றுவிட்டதோ என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கினேன். கரண்டும் பெட்ரோலும், எதை எங்கே செலவழிக்க வேண்டும், எப்படி மிச்சம் பிடிக்க வேண்டும். யாரிடமும் இவ்வளவு நேரம் நான் இதைப் பேசியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பின்னால் திரும்பி, கணவருக்கும் மகளுக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய வண்டில தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"வீட்ல யாரும் வரலியா?"

"வீட்ல யாரும் இல்லீங்க."

மேக்ரி சர்க்கிள் சிக்னலில் நின்றோம். சிக்னல் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பச்சை விழுமுன் அவர் கேட்டார்.

"எனக்கு ஆன மாதிரி உங்களுக்கு மலை மேல எதுனா ஆயிருந்தா, யாருக்கு போன் பண்ணிருப்பீங்க?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். மனதுக்குள் ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தேன். மேலாளர். ஓசூரிலிருக்கும் அண்ணன், பேசி வருடங்களாகின்றன. அடுக்ககக் காவலர்கள். வாட்ஸ்அப் குழு. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. "அம்மா, சும்மா வா" என்று சுதா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே நிறுத்தினேன். அவர்கள் சந்தில் என் கார் நுழையாது. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்றாக வேண்டும். சந்து முழுக்க மனிதர்கள். வாசலில் உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்குவதைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள். என்னாச்சு, ஏனாய்த்து என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லப்பன் எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் பேசியதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் அதிகம் பேசினார்.

வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்று கன்னியம்மா என் கையைப் பிடித்தார். உள்ளங்கை துடைப்பக் கட்டை பிடித்துக் காய்த்திருந்தது. வண்டி வழியில் நிற்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்ப வருவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுதா என் நம்பரை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "பாத்து போங்கக்கா" என்றாள்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வைட்ஃபீல்ட் இருபத்தேழு கிலோமீட்டர். மாலை நெரிசல் தொடங்கிவிட்டிருந்தது. அல்சூர் தாண்டிப் பழைய மதராஸ் சாலையில் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. என்னைச் சுற்றி இருந்த கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆள்தான். கண்ணாடி ஏற்றிய கார்களுக்குள் யாரோடோ போனில் பேசிக்கொண்டோ, பேசாமலோ உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை. டின் ஃபேக்டரி சந்திப்பருகே எஞ்சின் விட்டு விட்டு உறுமியது. முன் இருக்கையில் மருந்து வாசனை இன்னும் இருந்தது. கண்ணாடியை இறக்கவில்லை.

கீழ்த்தளத்தில் என் இடத்தில் நிறுத்தியபோது ஏழு மணி. திரை வந்தது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தேன். சராசரி லிட்டருக்குப் பத்தொன்பது. மதிப்பெண் ஐம்பத்தெட்டு. வேகத்தைச் சீராக வைத்திருந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று ஓர் அறிவுரையும் வந்தது. அந்தத் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒயரை எடுத்துச் செருகினேன்.

இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டைச் சேர்ந்தது. அந்த வீடுகளில் யாரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. ஸ்ரீராம்புரச் சந்தில் நாற்காலி கொண்டுவந்தவரை நினைத்துக்கொண்டேன். இங்கே நான் குனிந்து மூச்சுக்குத் திணறினால் முதலில் வருவது கண்காணிப்புக் கேமராவின் பார்வைதான்.

லிஃப்டை நோக்கி நடக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, சுதா பேசறேன். வீட்டுக்குப் போயி சேந்துட்டீங்களா? அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"இப்பதான்மா வந்தேன். அம்மா எப்படி இருக்காங்க?"

நன்றாக இருப்பதாகவும், கஞ்சி குடித்ததாகவும் சொன்னாள். பின்னால் கன்னியம்மாவின் குரல் ஏதோ சொன்னது.

"சாப்டீங்களான்னு கேக்கச் சொல்றாங்க."

இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் போனை வாயிலிருந்து நகர்த்தி, "இன்னும் இல்லியாம்மா" என்று சொல்வது கேட்டது. அதற்குக் கன்னியம்மா நீளமாக ஒரு பதில் சொன்னார். மூச்சு இரைக்காமல் சொன்னார். வார்த்தை எனக்குப் புரியவில்லை. சுதா சிரித்துக்கொண்டே, திட்டுறாங்கக்கா என்றாள்.

ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று என்னிடம் யாரும் கேட்டுப் பல காலமாகிவிட்டது. சேர்ந்துவிட்டேன் என்று இன்னொரு முறை சொன்னேன். அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், ஆனாலும் சொன்னேன். பிறகு மேலே போய்க் கதவைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, ஓர் ஆழாக்கு அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.